கடவுச்சொல்லை மறந்தவர்கள்

  

புதிய கைப்பேசி ஒன்றை வாங்கியவுடன் நாம் முதலில் செய்வது அதனை வீட்டு வைஃபையுடன் இணைப்பது. திரையில் வலையின் பெயர் தெரியும். அருகே சிறிய பூட்டுக் குறி இருக்கும். கேட்கப்படும் சொல்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமேதான் அமைத்திருப்போம். இப்போது அது நினைவில் இராது. இதனை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகவே பேசிப் பழகிவிட்டோம். ‘கடவுச்சொல்லை மறத்தல்’ என்பதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றில் மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டியவை பல உண்டு என்பதும் என் எண்ணம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘கடவு’ என்பதற்கு வழி, கடக்குமிடம் என்பன பொருள். மலையாளத்தில் இன்றும் ‘கடவு’ என்றால் தோணி ஏறும் ஆற்றுத்துறை. ஈழத்தமிழர் பாஸ்போர்ட்டைக் ‘கடவுச்சீட்டு’ என வழங்குவர். கணினித் தமிழ் வளர்ந்தபோது ‘கடவுச்சொல்’ அதே வார்ப்பில் நிலைபெற்றது. ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஆக்கப்பட்ட மொழிபெயர்ப்புதான். எனினும் அதில் ஒரு தற்செயலான பொருத்தம் உள்ளது. உலக இலக்கியத்தில் மிகவும் பேசப்பட்ட கடவுச்சொல் உண்மையாகவே ஓர் ஆற்றுக் கடவில்தான் கேட்கப்பட்டது.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல், 12ஆம் அதிகாரம். போரில் வென்ற கீலேயாத்தியர் யோர்தான் ஆற்றின் துறைகளைக் கைப்பற்றிக்கொள்கின்றனர். தப்பி ஓடிவரும் எப்பிராயீமியர் ஆற்றைக் கடந்தாக வேண்டும். வருவோர் ஒவ்வொருவரிடமும் ‘ஷிபோலேத்’ எனச் சொல்லுமாறு கேட்கப்படுகிறது. எப்பிராயீமியர் நாவில் ‘ஷ’ வராது, ‘சிபோலேத்’ என்கின்றனர், அங்கேயே கொல்லப்படுகின்றனர். மாண்டோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். எண்ணிக்கையை வரலாற்றுத் தரவாகக் கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது சோதனையின் இயல்பு. அச்சொல் ஒன்றும் இரகசியம் அன்று. இரு தரப்பினரும் அறிந்த அன்றாடச் சொல். காவலர் சோதித்தது அறிவை அன்று, ஒலிப்பை.

தமிழர்க்கு இது பழங்கதை அல்ல. 1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனப்படுகொலையின்போது பேருந்துகளை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைப் பயணிகளைச் சொல்லச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டன என்பது பரவலாகப் பதிவாகியுள்ளது. அதன் முதலெழுத்து அதிரொலிப் பகரம். தமிழ்ச் சொற்களின் முதலில் அதிரொலி வெடிப்பொலிகள் வருவதில்லை என முதலாம் ஆண்டு ஒலியனியல் வகுப்பில் நாம் அமைதியாகக் குறித்துக்கொள்ளும் அதே விதி, அந்தச் சாலைகளில் உயிரைப் பறிக்கும் கருவியாயிற்று. அச்சொல்லோ சிங்களத்துக்கும் சொந்தமானதன்று. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த கடன்சொல்.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், தம் வரலாற்றின் ஆறாம் நூலில் உரோமப் படைமுகாமின் இரவுக் காவல் முறையை விளக்குகிறார். மாலையில் படைத்தலைவனின் கூடாரத்திலிருந்து அன்றைய சொல் ஒரு மரப்பலகையில் எழுதித் தரப்படும். முகாமின் கடைசி அணியைச் சேர்ந்த வீரன் அதனைப் பெற்றுச் சென்று, சாட்சிகள் முன்னிலையில் அடுத்த அணித்தலைவனிடம் கொடுப்பான். இப்படியே கைமாறி, இருள் சூழுமுன் பலகை மீண்டும் படைத்தலைவனிடம் திரும்ப வேண்டும். திரும்பாவிடில், திரும்பிய பலகைகளின் குறிகளைக் கொண்டு எந்த அணியில் அது நின்றது எனக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த நாள் சொல் வேறு.

இவ்விரண்டையும் ‘கடவுச்சொல்’ என்ற ஒரே பெயரால் சுட்டுவது ஆய்வு நோக்கில் குழப்பம் தருகிறது. எனவே என் வசதிக்காக முதலாவதை ‘நாவுச் சொல்’ என்றும், இரண்டாவதை ‘நினைவுச் சொல்’ என்றும் குறிப்பிடுகிறேன். நாவுச் சொல் பிறப்போடும் வளர்ப்போடும் ஒட்டியது. அதைப் பிறர்க்குக் கொடுக்க இயலாது, மறக்கவும் இயலாது. நினைவுச் சொல் எவர்க்கும் தரத்தக்கது. அறிந்தவன் யாராயினும் அவனுக்கு வழி உண்டு. அவனது ஊர், சாதி, மொழி எதையும் வாயில் கேட்பதில்லை. அதற்கு ஈடாக அவன் ஏற்க வேண்டிய இடர் ஒன்றே: மறந்துவிடலாம். மறதியைக் கடவுச்சொல்லின் குறையாகவே அனைவரும் பேசுகின்றனர். மறக்க இயலும் என்பதாலேயே அது மனிதரின் உடலோடு ஒட்டாமல் இருக்கிறது என்பது என் வாதம்.

இனி கம்பியில்லா உலகுக்கு வருவோம். நான் இதை எழுதும் ஐதராபாத்தின் பாலாநகர் இவ்வரலாற்றில் எதிர்பாராத ஓரிடத்தைப் பெறுகிறது. 1960களில் இங்கும் சுற்றுப்புறத்திலும் பொதுத்துறைத் தொழிலகங்களும் பயிற்சி நிறுவனங்களும் எழுந்தன: ஐ.டி.பி.எல். மருந்து ஆலை, மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம், 1965-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் வான்மின்னணுவியல் பிரிவு. தேசியத் தொலையுணர்வு மையமும் இங்குதான். மேற்சொன்ன வான்மின்னணுவியல் பிரிவு விமானங்களுக்கான வானொலித் தொடர்புக் கருவிகளோடு, ‘நண்பனா பகைவனா’ என அறியும் கருவிகளையும் தயாரித்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவான ஏற்பாடு இது. ரேடார் திரையில் ஒரு விமானம் புள்ளியாகத் தெரிகிறது, அது யாருடையது? வானொலி அலையில் ஒரு கேள்வி அனுப்பப்படும். விமானத்திலுள்ள கருவி உரிய விடையைத் தானே திருப்பியனுப்பும். பிற்காலத்தில் கேள்வியும் விடையும் மறையாக்கம் செய்யப்பட்டன. திறவுகோல்கள் நாள்தோறும் மாற்றப்பட்டன. உரோம முகாமின் மரப்பலகையே வானில் ஏறிவிட்டது எனலாம்.

அக்கருவியில் என்னைக் கவர்ந்த கூறு ஒன்றுண்டு. விமானம் எதிரியிடம் சிக்கும் நிலை வந்தால் உள்ளிருக்கும் திறவுகோலை உடனே அழித்துவிடும் வசதி அதில் இருக்கும். மறதி அங்கே கோளாறு அன்று, திட்டமிட்ட பணி. விடை வராமற்போவதன் விலையையும் நாம் அறிவோம். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் நம் ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஆறு படைவீரரும் தரையில் ஒருவரும் இறந்தனர். ஹெலிகாப்டரின் அடையாளக் கருவி அணைக்கப்பட்டிருந்தது என விசாரணை பற்றிய செய்திகள் கூறின.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த கதையை விரைவாகக் கடந்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பகிரும் முறையை உருவாக்கியது. அவரவர் கோப்புகளைத் தனித்தனியே காக்க ஆளுக்கொரு சொல் தரப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அனைவரது கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பதிவு செய்யப்பட்ட முதற் கடவுச்சொல் திருட்டுகளில் ஒன்றைச் செய்தவர் முனைவர் பட்ட ஆய்வாளர் என்பதை இங்கு வாசிக்கும் ஆய்வாளர் பலரும் கண்டிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வைஃபை இவற்றினின்று வேறுபட்டது. கணினியில் ஆளுக்கொரு சொல். வைஃபையில் ஒரு வீட்டுக்கு ஒரு சொல். 802.11 என்னும் தொழில்நுட்பத் தரம் 1997-இல் வெளியானது. கம்பியில் செல்லும் தரவைத் திருட வீட்டுக்குள் நுழைய வேண்டும். அலையோ சுவரைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். ஆகவே கம்பிக்கு நிகரான அந்தரங்கம் தருவதாக டபிள்யூ.இ.பி. என்ற காப்புமுறை உடன் வந்தது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளின் காரணமாகத் தொடக்கத்தில் அதன் திறவுகோல் 40 பிட் அளவே; எழுத்தில் சொன்னால் ஐந்தே எழுத்துகள். 2001-இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் அடிப்படைப் பலவீனத்தை நிறுவினர். 2007-இல் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கும் வழி வெளியாயிற்று. இடைக்கால மாற்றாக டபிள்யூ.பி.ஏ. 2003-இலும், நிலையான மாற்றாக டபிள்யூ.பி.ஏ.2 2004-இலும் வந்தன. இன்றும் நம் வீடுகள் பலவற்றில் காவல் காப்பது இந்த இரண்டாவதுதான்.

இம்முறையின்படி கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். அதை நம் கைப்பேசி ஒருபோதும் காற்றில் அனுப்புவதில்லை. சொல்லோடு வலையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை திரும்பத் திரும்பக் கணித்து 256 பிட் எண் ஒன்றை ஆக்குகிறது. ரவுட்டரும் அதே கணக்கைச் செய்து வைத்திருக்கிறது. பின்னர் இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறி, எண்ணை வெளியிடாமலேயே, ‘உன்னிடமும் அதுவே உள்ளது’ என உறுதி செய்துகொள்கின்றன. வலையின் பெயர் கணக்கில் கலந்திருப்பதால், சொல் அதுவாகவே இருந்தாலும் பெயரை மாற்றிவிட்டால் பழைய எண் பயன்படாது. ரவுட்டரின் பெயரை ஆசைக்கு மாற்றிவிட்டு ‘என் கடவுச்சொல் ஏன் போயிற்று’ எனத் திகைப்போர்க்கு இதுவே விடை.

மொழியியல் மாணவரை இங்கே நிறுத்த வேண்டிய செய்தி வேறொன்று. அந்த 8 முதல் 63 எழுத்துகளும் ஆஸ்கி என்னும் பழைய அமெரிக்கக் குறிமுறையின் அச்சிடத்தக்க 95 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அப்பட்டியலில் அகரமும் இல்லை, ககரமும் இல்லை. அதாவது, தமிழில் ‘கடவுச்சொல்’ என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம். ஆனால் அந்த இடத்தில் தமிழ் எழுத்தால் ஆன ஒரு சொல்லையும் இட இயலாது. வலையின் பெயருக்கு இத்தடை இல்லை. ஆனால் அதற்கு 32 பைட் எல்லை உண்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘பாலாநகர்’ எட்டுக் குறிகள், 24 பைட், அடங்கிவிடும். ‘திருநெல்வேலி’ பன்னிரண்டு குறிகள், 36 பைட், அடங்காது. ‘நெல்லை’ எனச் சுருக்கினால் 18. ஊர்ப்பெயர்கள் மருவுவதற்கு இலக்கணத்தில் பல காரணங்கள் படித்திருக்கிறோம், இது புதியது.

எழுத்துத் தமிழுக்கு வழியில்லாத அவ்விடத்தை நிரப்ப நாட்டில் ஒரு வாய்மொழி உருவாகிவிட்டது. பாலாநகரில் தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா, தமிழ் பேசுவோர் ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருப்பர். ஒருவர் மற்றவருக்குக் கடவுச்சொல் ஓதும்போது மட்டும் அனைவரும் ஒரே மொழிக்கு மாறிவிடுகின்றனர்: ‘எஸ் கேப்பிடல், மீதி எல்லாம் ஸ்மால், அட் த ரேட், ஒன் டூ த்ரீ’. சுழியிட்ட @ குறிக்கு ‘அட் த ரேட்’ என்னும் பெயர் இந்திய மொழிகள் அனைத்திலும் பொதுவானது. இங்கிலாந்தில் அப்படிச் சொன்னால் விழிப்பார்கள். வணிகக் கணக்கேட்டில் ‘இன்ன விலை வீதம்’ எனப் பொருள்பட்ட தொடர் நம்மிடம் குறியின் பெயராகவே தங்கிவிட்டது. பெயர், அட் த ரேட், ஒன் டூ த்ரீ என்ற யாப்பு கடவுச்சொல்லுக்கு ஏற்பட்டதும் இவ்வாறு வாயால் சொல்லிச் செவியால் கேட்டு எழுத வேண்டியிருப்பதால்தான். காப்பு நோக்கில் இது மிக எளிதில் ஊகிக்கத்தக்கது. வாய்மொழி மரபு என்ற நோக்கில் மிகவும் பொருத்தமானது. ஓதுவதற்கு எளியது நினைவிலும் நிற்கும். நினைவில் நிற்பது திருடனுக்கும் எளிது.

இனி மறதி. சொல்லை மறந்தவர் மனிதர் மட்டுமே, கருவிகள் மறப்பதில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்ட தாளில், பின்னர் மாற்றப்படாத வரை, ஆலை இட்ட சொல் இருக்கும். முன்பு இணைந்த மடிக்கணினியின் அமைப்புகளில் இருக்கும். வீட்டில் இணைந்திருக்கும் இன்னொரு கைப்பேசியில் இருக்கும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் உண்டு. அதையும் மறந்தவர்களே பெரும்பான்மையோர். இறுதி வழியாக, ஊசிமுனை நுழையும் சிறு துளையில் சில நொடிகள் அழுத்தினால் ரவுட்டர் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின் இணையச் சேவையின் அமைப்புகளையும் மீண்டும் இட வேண்டியிருக்கலாம் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நலம்.

மறதிக்கு மருந்து காண ஏறத்தாழ 2006-2007 காலத்தில் வைஃபை நிறுவனங்களின் கூட்டமைப்பு டபிள்யூ.பி.எஸ். என்னும் முறையைக் கொணர்ந்தது. ரவுட்டரில் ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டு நிமிடம் வாயில் திறந்திருக்கும். அதற்குள் கைப்பேசி சொல்லே இன்றி இணையலாம். இதன் மெய்யியல் எனக்குப் பிடித்தமானது. சொல் தெரியுமா என்று அது கேட்பதில்லை. வீட்டுக்குள் வந்து பொத்தானைத் தொடுமளவுக்கு உன்னை யாரேனும் அனுமதித்தனரா என்று கேட்கிறது. திண்ணை வரை வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் முறை அது.

ஆனால் பொத்தானோடு எட்டிலக்க எண் ஒன்றையும் சேர்த்தார்கள், அங்கேதான் சறுக்கியது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் எனத் தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, எஞ்சியவை ஏழு. அவற்றையும் ரவுட்டர் இரு பகுதியாகச் சோதித்து, முதல் நான்கு தவறு எனில் அப்போதே தெரிவித்துவிடும். ஆகவே முயல வேண்டியவை 10,000-மும் 1,000-மும் சேர்ந்த 11,000 மட்டுமே. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் இதனை வெளியிட்டார். சில மணி நேரப் பொறுமையுள்ள எவரும் அண்டை வீட்டு வலைக்குள் நுழைய இயலும் நிலை உண்டாயிற்று. ஐஃபோன் இம்முறையை ஏற்றதே இல்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 இதனை நீக்கிவிட்டது. ரவுட்டரில் பொத்தான் இருந்தும் கைப்பேசியில் அதற்குரிய தெரிவைக் காணாமல் தேடுவோர், ஒரு கைவிடப்பட்ட மரபின் எச்சத்தைத் தேடுகின்றனர்.

அதன் இடத்தைப் பிடித்தது கியூஆர் குறி. ஏற்கெனவே இணைந்திருக்கும் கைப்பேசியின் திரையில் தோன்றும் கட்டக் கோலத்தைப் புதிய கைப்பேசி படித்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு 10-இல், 2019 முதல், இது பொது வசதியாயிற்று. ஆப்பிள் 2017-இலேயே இன்னொரு வழி கண்டது: அருகில் ஒரு புதிய கருவி வலையைக் கேட்டால், உள்ளே இருப்பவரின் திரையில் ‘பகிரலாமா’ என வினா எழும், இருவரும் ஒருவர்க்கொருவர் தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டிலும் சொல் மறைந்துவிடவில்லை. கியூஆர் குறிக்குள் வலையின் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இன்றி அப்படியே எழுதப்பட்டுள்ளன. தேநீர்க் கடைச் சுவரில் அதை ஒட்டிவைப்பது சொல்லையே பெரிய எழுத்தில் எழுதிவைப்பதற்குச் சமம். மனிதக் கண்ணால் படிக்க முடியாத எழுத்து என்பது மட்டுமே வேறுபாடு. இவை யாவும் நினைவுச் சொல்லின் மரபுக்கு உட்பட்டவை என்றே கருதுகிறேன். உள்ளிருக்கும் ஒருவர் மனம் வைத்தால் வெளியில் நிற்பவர் உள்ளே வரலாம், பெயர் கேட்கப்படுவதில்லை.

இந்தியாவில் வரலாறு வேறு திசையில் திரும்பியது 2008-இல். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவரின் பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது எனத் தெரியவந்தது; அவருக்கு அதில் தொடர்பேதும் இல்லை. அவ்வாண்டின் பின்னைய குண்டுவெடிப்புகளையொட்டி வந்த மின்னஞ்சல்களும் பிறரது வைஃபை இணைப்புகளின் வழியாகவே வந்தன. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது: வலைகள் பூட்டப்பட வேண்டும், பொது இடங்களில் வைஃபை தருவோர் பயன்படுத்துவோரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், அல்லது அவரது கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வழியே நுழைவு விவரங்களை அனுப்ப வேண்டும்.

ரயில் நிலையங்களில் நாம் இன்று காணும் முறை இந்த ஆணையின் வழிவந்ததுதான். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்டெல்லும் கூகுளும் இலவச வைஃபையைத் தொடங்கின. பின்னர் அது நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. அங்கு மறப்பதற்கு எந்தச் சொல்லும் இல்லை. எண்ணைத் தந்தால் ஒருமுறைச் சொல் வரும். சில நிமிடங்களில் காலாவதியாகும். பார்வைக்கு இது பொலிபியஸின் நாள்சொல் போலவே இருக்கிறது, அதைவிடவும் குறுகிய ஆயுளுடன். செயலில் அது யோர்தான் துறையைச் சேர்ந்தது. வாயில் சோதிப்பது நீங்கள் சொல்லை அறிவீர்களா என்பதை அன்று. அந்த எண் உங்களுடையதா என்பதை. எண்ணின் பின்னால் சிம் அட்டை, சிம் அட்டையின் பின்னால் அடையாளச் சான்று. இந்திய எண் இல்லாத வெளிநாட்டு மாணவர், கைப்பேசி திருடுபோன பயணி, கணவர் பெயரிலுள்ள சிம்மைப் பயன்படுத்தும் பெண் ஆகியோர் இத்துறையில் நின்றுவிடுகின்றனர் அல்லது பிறர் எண்ணின் வழியே கடக்கின்றனர்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ‘எட்யுரோம்’ வலையும் அடையாளத்தையே கேட்கிறது. 2002-இல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த திட்டம். இந்தியாவில் எர்நெட் அதனை நடத்துகிறது. அயல் பல்கலைக்கழகத்தில் நிற்கும் ஆய்வாளர்க்காக அவரது சொந்த நிறுவனம் சான்று சொல்லும். ஆய்வாளர்க்கு எவ்வளவு வசதியானதோ, அதே அளவுக்கு நிறுவனம் இல்லாதவர்க்கு மூடப்பட்டது. பட்டம் முடித்துப் பணி கிடைக்கும் வரையிலான இடைவெளியில் உள்ள நண்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம்.-வாணி திட்டம், சிறு கடைக்காரரும் உரிமம் இன்றிப் பொது வைஃபை தர வழிசெய்கிறது, நல்ல முயற்சியே. அதிலும் நுழைவோரின் அடையாளம் உறுதிசெய்யப்பட வேண்டும்.

காவல்துறையின் தேவையை நான் மறுக்கவில்லை. 2008-இன் நினைவு உள்ள எவரும் மறுக்க முடியாது. எனக்குள்ள ஐயம், இம்மாற்றம் ‘வசதி’ என்ற பெயரில் பேசப்படுவது பற்றியது. ‘கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் தொல்லை இனி இல்லை’ என்ற விளம்பரத் தொடர், பொத்தானையும் கியூஆர் குறியையும் ஒருமுறைச் சொல்லையும் விரல்ரேகையையும் ஒரே வரிசையில் வைக்கிறது. முதல் இரண்டும், மறந்தவர் அருகிலுள்ள மனிதரிடம் கேட்பதற்கு வழிவிடுகின்றன. பின் இரண்டும் கேட்பதற்கு மனிதர் தேவையில்லை என்கின்றன. உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டதைப் பார்த்துக்கொள்கின்றன. எழுதிவைக்கப்பட்டதில் பிழை இருந்தால், நாவில் ‘ஷ’ வராதவனின் நிலைதான்.

நினைவுச் சொல்லுக்கும் கொடுமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாலாநகரின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணியாற்றும் இளைஞர்கள் அறைக்கு ஐவராய்த் தங்கியிருக்கும் வாடகை வீடுகளில் ஒரே ரவுட்டர், ஒரே சொல். உரோமப் படைத்தலைவனுக்குப் பலகை எங்கே நின்றது எனத் தெரிந்தது. வீட்டு உரிமையாளருக்குச் சொல் எவ்வளவு தூரம் சென்றது எனத் தெரியாது. ஒருவர் அறையைக் காலி செய்தால் அவரிடமிருந்து சொல்லைத் திரும்பப் பெறவும் இயலாது; அவரை மட்டும் நீக்க எளிய வழி பெரும்பாலான மலிவு ரவுட்டர்களில் இல்லை. எனவே சொல்லையே மாற்றுகின்றனர். அந்நொடியில் எஞ்சிய நால்வரும் வெளியேற்றப்படுகின்றனர். வாடகை பாக்கி வைத்தவர்க்குப் புதிய சொல் ஒரு வாரம் தாமதமாகவே கிட்டும் என்பதும் இங்கே அனைவரும் அறிந்த நடைமுறை. அந்த ஒரு வாரத்தில் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளும் இருக்கலாம், ஊருக்குப் பேசும் காணொலி அழைப்பும் இருக்கலாம்.

நான் தங்கியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் ரவுட்டருக்குக் கீழே ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. அதில் நான்கு கடவுச்சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வெவ்வேறு மையில், வெவ்வேறு கையெழுத்தில் உள்ளன. முதல் மூன்றும் அடிக்கப்பட்டவை. ஆயினும் படிக்க முடிகிறது. மூன்றாவது சொல் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட ஒரு தெலுங்குப் பெண்பெயர். நான்காவதில் பெயர் அப்படியே இருக்க, எண் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது.